முதலில் எதை மாற்றுவது? நான்கு சக்கர இழுவை ஆர்சி டிரக்கும் திட்டக்குடி மண்ணும்

ரிமோட்டில் ஓடும் (ஆர்சி) டிரக் ஒன்றை ஆசையாக வாங்கியவர் சில வாரங்களிலேயே ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்: இதில் முதலில் எதை மாற்றுவது? கடைக்காரர் பெரிய மோட்டாரைக் காட்டுவார். யூடியூப் வீடியோக்கள் பிரஷ்லெஸ், 3எஸ் லிபோ என்று அடுக்கும். உடன் ஓட்டும் நண்பர் மெட்டல் கியர் போடச் சொல்வார். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் வரிசை தவறினால் பணம் கரையும், வண்டி பரணுக்குப் போகும்.

வெள்ளாற்று மணல், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் கரிசல், நாற்பது டிகிரியைத் தொடும் கோடை ஆகிய மூன்றும் சேர்ந்த திட்டக்குடி வட்டாரத்தில் அந்த வரிசை எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்வதே இக்கட்டுரை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீணாகும் சக்தியைக் குறைப்பது முதல் வேலை. பிடிமானம் இரண்டாவது. பல் விகிதம் மூன்றாவது. மோட்டாரும் பேட்டரியும் கடைசி. வெளிநாட்டுக் கையேடுகள் பலவும் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன. நம் மண்ணும் வெயிலும் அவற்றின் கணக்கில் இல்லை.

பொம்மைக்கும் ஹாபி வண்டிக்கும் நடுவில்

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 1976ல் போர்ஷே 934 மாடலை மின்மோட்டார் ஆர்சி காராக வெளியிட்டது. 1979ல் அதே நிறுவனத்தின் சாண்ட் ஸ்கார்ச்சரும் ரஃப் ரைடரும் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்கின. இரண்டுக்கும் பின்சக்கர இழுவை மட்டுமே. 1981ல் வந்த டொயோட்டா பிக்கப் மாடலில்தான் நான்கு சக்கர இழுவை, மூன்று வேக கியர்பாக்ஸ், பட்டைச் சுருள் எல்லாம் சேர்ந்து, நிஜ வண்டியின் உள்ளமைப்பே கைக்கடக்கமாக வந்தது. 1987ல் வந்த கிளாட் பஸ்டரில் இரண்டு மோட்டார்கள், ஆக்சிலுக்கு ஒன்றாக. நான்கு சக்கரமும் திரும்பும். அமெரிக்காவின் டிராக்சஸ் 2008ல் ஸ்லாஷ் டிரக்கையும், 2017ல் ரிமோட்டிலிருந்தே டிஃப் (டிஃப்பரன்ஷியல்) பூட்டக்கூடிய டிஆர்எக்ஸ்-4 கிராலரையும் கொண்டுவந்தது. டபிள்யூபிஎல், எம்என், டபிள்யூஎல்டாய்ஸ் போன்ற சீன வண்டிகள் விலையைப் பெரிதும் இறக்கின. சிற்றூர் இளைஞர்களின் கைக்கு நான்கு சக்கர இழுவை எட்டியது இவற்றால்தான்.

அலைவரிசையும் இதற்கு உதவியது. பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் ஒரே கிரிஸ்டல் கொண்ட இரண்டு வண்டிகள் பக்கத்தில் ஓடினால் ஒன்றின் கட்டளை மற்றதில் புகுந்துவிடும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் தன் ரிசீவரோடு மட்டும் பேசும். இந்தியாவில் இந்த அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005ஆம் ஆண்டின் விதிகள் வழி திறந்தன.

பொம்மைக்கும் ஹாபி வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சோதனையில் அறியலாம். ஒரு பல் உடைந்தால் அந்தப் பற்சக்கரத்தை மட்டும் தனியாக வாங்க முடியுமா? முடியுமென்றால் அது ஹாபி வண்டி. மேம்பாடு என்ற பேச்சே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எந்த நிலம், எந்த வண்டி

ஒரு டிரக்கை எல்லா நிலத்துக்கும் பொருத்த முயல்வதுதான் பெரும்பாலான ஏமாற்றங்களின் வேர். வேகமாக ஓடிக் குதிக்கும் பாஷர் ஒரு வகை. பாறையில் நத்தை வேகத்தில் ஏறும் கிராலர் வேறொரு வகை. இரண்டுக்கும் நடுவில், நிஜ வண்டியின் தோற்றத்தோடு ஒற்றையடிப் பாதையில் போகும் டிரெயில் டிரக்.

நம் வட்டாரத்தில் மூன்றுக்குமே இடம் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் வெள்ளாறு திறந்த மணல்வெளி. கொல்லையின் கரிசல் காய்ந்தால் வெடிப்பு விடும், நனைந்தால் டயரில் அப்பிக்கொள்ளும். ஏரிக்கரைச் சரிவுகளும் விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேடுகளும் கிராலருக்கு நல்ல பயிற்சிக் களம். வெலிங்டன் நீர்த்தேக்கத்தைப் போன்ற இடங்களில் மதகுப் பக்கமும் தடை செய்த பகுதிகளும் விளையாட்டுக்கு அல்ல. அனுமதியுள்ள திறந்தவெளியே போதும்.

மணல் தரும் சுமை கண்ணுக்குத் தெரியாது. சமதரை போலத்தான் இருக்கும். ஆனால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தன் முன்னே ஒரு சிறு மேட்டைத் தள்ளிக்கொண்டு போகிறது. மோட்டாரைப் பொறுத்தவரை அது ஓயாத மேடேற்றம். தார்ச்சாலையில் குளிர்ச்சியாக ஓடும் வண்டி ஆற்று மணலில் கொதிப்பது அதனால்தான்.

வீணாகும் சக்தி

மலிவான டிரக்குகள் பலவற்றில் அச்சுகள் நைலான் புஷ்ஷில் சுழல்கின்றன. ஆற்றில் ஓடிய டிரக்கின் ஆக்சிலைத் திறந்து பார்த்தால், வெள்ளையாக இருந்த கிரீஸ் நுண்மணலோடு குழைந்து சாம்பல் நிறச் சாந்தாகியிருக்கும். விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். புஷ்ஷின் வட்டத் துளை ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அச்சு அந்த இடைவெளியில் ஆடும்போது பல்லும் பல்லும் நேராகச் சேராது. இப்படிப்பட்ட ஆக்சிலில் பெரிய மோட்டாரைப் பூட்டினால் தேய்மானம்தான் வேகமாக நடக்கும்.

எனவே முதல் செலவு ரப்பர் சீல் வைத்த பால் பேரிங் செட். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அதே மோட்டார், அதே பேட்டரியில் வண்டி கூடுதல் நேரம் ஓடும், சூடும் குறையும். செராமிக் பேரிங் பற்றிய கேள்வியும் இங்கே வரும், அதுவும் பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு. அந்தக் குண்டுகள் சிலிக்கான் நைட்ரைடால் ஆனவை. நம் தொழிற்பேட்டைச் சூளைகளில் வேகும் களிமண் பீங்கானோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. எஃகின் எடையில் பாதிக்கும் குறைவு, கடினமோ மிக அதிகம். ஓடுதளப் பந்தயத்துக்கு அவை உகந்தவை. மணலில் ஓடும் டிரக்குக்கு முக்கியம் குண்டின் தரத்தைவிட சீல்தான். மணல் உள்ளே போய்விட்டால் எந்தக் குண்டும் வளையத்தைக் காப்பாற்றாது.

அடுத்தது பல் இடைவெளி. செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை கிழித்து, பினியனுக்கும் (மோட்டார் அச்சின் சிறு பற்சக்கரம்) ஸ்பருக்கும் (அது சுழற்றும் பெரிய பற்சக்கரம்) நடுவே விட்டு, மோட்டாரை அழுத்தி வைத்துத் திருகை முடுக்க வேண்டும். பிறகு ஸ்பரைச் சுற்றிப் பட்டையை வெளியே எடுக்க வேண்டும். காகிதத்தில் மடிப்புத் தடம் சீராகப் பதிந்து, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. பொத்துக்கொண்டு வந்தால் மிக நெருக்கம். தடமே மங்கலாக இருந்தால் தளர்வு. பல் நுனிகள் மட்டும் மோதி உடையும். ஸ்பர் எப்போதும் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கும் பார்க்க வேண்டும்.

ஆக்சிலுக்குள் உள்ள கிரவுன் பினியனின் ஆட்டத்தை ஷிம் என்னும் மெல்லிய வளையம் வைத்துக் குறைப்பதும் இதே வகை வேலை. டிராக்டர் ஹவுசிங்கைப் பிரித்துச் சேர்க்கும் நம் ஊர் மெக்கானிக்குக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார். அவர் பெரிய அளவில் அன்றாடம் செய்வதுதான் இது.

எது உடைய வேண்டும்

ஒரு பாகத்தை வலுப்படுத்தினால் உடையும் இடம் அடுத்த பாகத்துக்கு நகரும். பிளாஸ்டிக் ஷாஃப்டுக்குப் பதில் எஃகு போட்டால் டிஃப் கியர் உடையும். டிஃப்பை எஃகாக்கினால் ஹவுசிங் பிளக்கும். அலுமினிய சஸ்பென்ஷன் கை பார்க்க அழகு. ஆனால் நைலான் கை வளைந்து மீளும் அடியில் அது வளைந்தபடியே நின்றுவிடும், அல்லது அடியை அப்படியே சேசிஸுக்குக் கடத்தும்.

வீட்டு மின்பலகையின் பீங்கான் ஃபியூஸுக்குள் மெல்லிய கம்பியை வேண்டுமென்றே வைக்கிறோம், பெரிய சேதம் வராமல் அது முதலில் போகட்டும் என்று. டிரக்கிலும் அப்படி ஒரு பாகத்தை நாமே தேர்ந்து விட்டுவைக்க வேண்டும்: மலிவானதாக, எளிதில் கிடைப்பதாக, நான்கு திருகில் மாற்றக்கூடியதாக. பாஷரில் அது ஸ்பர் கியராகவோ கீழ்க்கையாகவோ இருப்பது நல்லது. எல்லாப் பாகத்தையும் உலோகமாக்கிய வண்டி கனமாக விழும், விழும்போது விலையுயர்ந்த பாகத்தையே உடைக்கும்.

பிடிமானம்

நான்கு சக்கரமும் சுழன்றாலும் தரையைப் பிடிக்காத சக்கரம் வேலை செய்வதில்லை. வண்டியின் குணத்தை ஒரே நாளில் மாற்றுவது டயர்தான். கரிசலுக்கு மண் தானே உதிரும்படி இடைவெளி விட்ட உயர்ந்த கட்டைகள் வேண்டும். மணலுக்கு அகலமான, இலேசான டயர். பாறைக்கு மிருதுவான ரப்பரும், உள்ளே அளவான ஸ்பாஞ்சும். கட்டியான ஸ்பாஞ்ச் வைத்த டயர் கல்லின் விளிம்பில் படியாது, வழுக்கும்.

எடையை எங்கே வைப்பது என்பது அடுத்தது. கிராலர் செங்குத்தாக ஏறும்போது எடை பின்னுக்குப் போய் முன்சக்கரம் தூக்கும். கரும்பு டிரெய்லரை இழுக்கும் டிராக்டரின் மூக்கில் இரும்பு எடைகள் மாட்டியிருப்பது எதற்கோ, அதற்காகத்தான் கிராலரின் முன் ஆக்சிலில் பித்தளைப் பாகம் போடுகிறோம். அளந்து செய்வதும் எளிது. முன்சக்கரங்களைச் சமையல் தராசின் மேலும், பின்சக்கரங்களைத் தராசின் உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களின் மேலும் வைத்தால் முன்பக்க எடை தெரியும். 2 கிலோ வண்டியில் முன்னே 1.1 கிலோ என்றால் 55 சதவீதம். முன் ஆக்சிலில் 150 கிராம் பித்தளை சேர்த்தால் 58 சதவீதத்தைத் தாண்டும். அறுபதை ஒட்டி வரும் வரை சேர்ப்பது நல்ல இலக்கு. எடை ஆக்சில் உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும், கூரையில் ஏற்றினால் புரளும். பாஷருக்கு இதெல்லாம் நேர்மாறு. சக்கரத்தோடு குதிக்கும் எடை குறையக் குறைய ஷாக்குக்கு வேலை எளிது.

மூன்றாவது டிஃப்பரன்ஷியல். சாதாரண டிஃப் எளிதாகச் சுழலும் சக்கரத்துக்கே சுழற்சியைத் தரும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதே ஆக்சிலின் மறு சக்கரம் இழுக்காது. சேற்றில் மாட்டிய டிராக்டர் ஓட்டுநர் டிஃப் லாக்கை மிதிப்பது இதற்குத்தான். வெளியே வந்ததும் காலை எடுத்துவிடுவதற்கும் காரணம் உண்டு. பூட்டிய ஆக்சில் திரும்ப மறுக்கும், கெட்டித் தரையில் அச்சை முறுக்கும். கிராலரில் இரண்டு ஆக்சிலையும் பூட்டியே வைக்கலாம். கல்லிலும் தளர்மண்ணிலும் சக்கரம் சற்று நழுவ இடம் இருக்கிறது. பாஷரில் பூட்டக் கூடாது. அங்கே சீல் செய்த டிஃப்பில் சிலிக்கான் எண்ணெய் நிரப்புவதே முறை. 5,000 முதல் 10,000 சென்டிஸ்டோக் வரை தொடங்குவதற்கு ஏற்றது. மைய டிஃப்பில் எண்ணெய் தடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து இழுக்கும். மெலிந்தால் முன்சக்கரங்கள் வீணாகச் சுழன்று டயர் பலூனாக உப்பும்.

ஷாக் எண்ணெயும் வெயிலில் இளகும். குளிர்நாட்டுக் கையேடு 30 எண் என்று சொன்னால், சித்திரை வைகாசியில் 35, 40 என்று ஏறிப் பார்ப்பது நம் ஊருக்குப் பொருந்தும். வண்டியை முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்க்கலாம். அடித்தட்டு தரையில் இலேசாகத் தொட்டு, துள்ளாமல் ஒரே எழுச்சியில் நிலைக்கு வந்தால் ஏறத்தாழ சரி.

பல் விகிதம்

ஒரு பைசா செலவில்லாத கணக்கு இது. 54 பல் ஸ்பர், 13 பல் பினியன், கியர்பாக்ஸின் உள்விகிதம் 2.85 என்று வைத்துக்கொள்வோம். 54ஐ 13ஆல் வகுத்து 2.85ஆல் பெருக்கினால் 11.84. மோட்டார் 11.84 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பினியனை 11 பல்லாக்கினால் விகிதம் 14ஐ நெருங்கும். வேகம் 15 சதவீதம் குறையும். பதிலுக்கு முறுக்கு விசை சக்கரத்தில் கூடும், மோட்டார் மேல் சுமை இறங்கும்.

பெரிய டயர் போடும்போது இந்தக் கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 110 மில்லிமீட்டர் டயருக்குப் பதில் 125 போட்டால், கியரில் கை வைக்காமலே வண்டி 13 சதவீதத்துக்கு மேல் உயர்ந்த கியருக்குப் போய்விடுகிறது. அந்த டயரோடு மணலில் இறங்கினால் மோட்டார் வேகத்தான் செய்யும். டயர் பெரிதானால் பினியன் சிறிதாக வேண்டும். 13 பல் இருந்த இடத்தில் 11 பல்.

வெயில் வைக்கும் எல்லை

மோட்டார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது ஹாபிக்காரர்கள் பொதுவாக மதிக்கும் வரம்பு. சாதாரண தர நியோடிமியம் காந்தம் அதற்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். செம்புக் கம்பியின் மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. 60 டிகிரி ஏறினால் 23 சதவீதம். தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் தடை கூடும்.

ஒரே வண்டி, ஒரே ஓட்டம், மோட்டார் காற்றைவிட 50 டிகிரி அதிகம் ஏறுகிறது என்று கொள்வோம். 20 டிகிரிக் காற்றில் அது 70ல் நிற்கும், வண்டி நலம். மே மாதத் திட்டக்குடியின் 40 டிகிரிக் காற்றில் அதே ஓட்டம் 90. கையேட்டின் அளவை அப்படியே பின்பற்றினாலும் இங்கே மோட்டார் போகும். ஆகவே கோடையில் ஒன்றிரண்டு பல் சிறிய பினியன், மோட்டார் மேல் ஹீட்சிங்க், சிறு ஃபேன், காலை மாலையில் மட்டும் ஓட்டம், இரண்டு பேட்டரிக்கு நடுவே ஓய்வு ஆகியவை கட்டாயம். அளக்க இன்ஃப்ராரெட் வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் கருவி போதாது, அது உடல் வெப்ப எல்லைக்குச் செய்தது.

கடைசியில் சக்தி

சக்தியை முதலில் கூட்டச் சொல்வோரின் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பிரஷ்லெஸ் மோட்டாரில் தேயும் கார்பன் இல்லை. வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை வேலையாக்குகிறது. அதே வேலைக்குக் குறைவாகச் சூடாகிறது. பழைய மோட்டார் தேய்ந்து போனவர் பிரஷ்லெஸுக்கு மாறுவது சரியான முடிவே. ஆனால் கிராலருக்கு இந்த வாதம் முழுதாகப் பொருந்தாது. சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் தவழும் வேகத்தில் திக்கும். 35, 55 கம்பிச் சுற்றுகள் கொண்ட பிரஷ் மோட்டார் மிக மெதுவாகவும் வழவழவென்று சுழலும். அதனால்தான் அனுபவசாலிகள் பலர் இன்னும் அதை விடவில்லை.

வேகத்தின் விலையையும் கணக்கில் பார்க்கலாம். 3500 கேவி (வோல்ட்டுக்கு நிமிடச் சுற்று) மோட்டார் 7.4 வோல்ட் 2எஸ் (இரண்டு செல்) பேட்டரியில், சுமையில்லாமல், நிமிடத்துக்கு 25,900 சுற்று. மேலே சொன்ன 11.84 விகிதத்திலும் 110 மில்லிமீட்டர் டயரிலும் மணிக்கு 45 கிலோமீட்டர். 11.1 வோல்ட் 3எஸ் போட்டால் 68 கிலோமீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, மோதும் ஆற்றலோ 2.25 மடங்கு. சில கிலோ எடை அந்த வேகத்தில் ஒரு குழந்தையின் காலில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் 3எஸ் வாங்க வேண்டும். தெருவும் சாலையும் இதற்கான இடமே அல்ல.

லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்குத் தனி ஒழுக்கம் வேண்டும். செல் ஒன்றுக்கு முழு மின்னூட்டம் 4.2 வோல்ட். 3.2க்குக் கீழே இறக்கக் கூடாது. சில நாள் ஓட்டாமல் வைப்பதென்றால் 3.8. நிக்கல் பேட்டரிக்காகச் செய்த பழைய இஎஸ்சிகள் (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள்) பலவற்றில் குறைந்த வோல்ட்டில் நிறுத்தும் வசதி கிடையாது. அவற்றில் லிபோ போட்டால் அலாரம் மாட்டியே ஆக வேண்டும். பேலன்ஸ் சார்ஜரில், 5,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 5 ஆம்பியரில், எரியாத தரையில் மண்தொட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு, ஆள் இருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும். உப்பிய பேட்டரியை இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்போம் என்ற எண்ணமே வரக் கூடாது. வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் லிபோவை விட்டுச் செல்வதும் அதே அளவு ஆபத்து.

பணமும் பாகமும்

பொம்மைகளுக்கான சுங்க வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பவும் கடும் கட்டுப்பாடுகள் உண்டு. குழந்தைகளின் பாதுகாப்புக்கும் உள்நாட்டு உற்பத்திக்கும் இவை தேவை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் கடல்கடந்து வரும் ஒரு ஸ்பர் கியருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் இளைஞனுக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி உள்ளூரிலேயே இருக்கிறது.

லேத் பட்டறையில் பித்தளைக் கம்பியைக் கடைந்தால் ஆக்சில் எடை தயார். போர்வெல் மோட்டார் காயில் கட்டுபவருக்குச் செம்பின் சூட்டைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. பம்பர், பேட்டரித் தட்டு, உடல் தாங்கி போன்றவற்றை 3டி பிரிண்டரில் எடுக்கலாம். அங்கேயும் வெயிலை மறக்கக் கூடாது. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டி இளகிவிடும், மூடிய காருக்குள் வைத்தாலே கோணலாகும். பிஇடிஜி 80 வரை தாங்கும்.

விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகம் இருக்கிறது. ஒரு ஊர் தன் மண்ணை அறிந்து அதைத் தொழிலாக்கியதற்கு அது சாட்சி. அதே வட்டாரத்துப் பள்ளி அறிவியல் மன்றங்களும் ஐடிஐ மாணவர்களும் ஒரு ஆர்சி டிரக்கைப் பிரித்து மேசையில் பரப்பினால், பல் விகிதம், உராய்வு, ஈர்ப்பு மையம், மின்தடை, வெப்பம் என்று பாடப்புத்தகத்தின் பாதி இயற்பியல் கையில் பிடிபடும். இந்த விளையாட்டை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

முடிவாக

வரிசையை மீண்டும் சொல்கிறேன். பேரிங், பல் இடைவெளி, ஷிம்: வீணாவது நின்றால் இருக்கும் மோட்டாரே பெரிதாகும். டயர், எடை, டிஃப், ஷாக்: கிடைக்கும் சக்தி தரைக்குப் போய்ச் சேரும். பினியன்: நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ற சுமை. இவை மூன்றும் அமைந்த பிறகும் போதவில்லை என்றால் மட்டுமே மோட்டாரும் பேட்டரியும். இந்த வரிசையில் போகிறவர்களில் பலருக்கு நான்காவது படியே தேவைப்படாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, இடம், காற்றின் வெப்பம், பினியன், டயர், ஓடிய நிமிடம், மோட்டார் சூடு ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போகும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் எழுதி முடித்தால், வெள்ளாற்று மணலுக்கு எது பொருந்தும், கரிசலுக்கு எது பொருந்தும் என்று சொல்லும் கையேடு உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அதை அடுத்து டிரக் வாங்கும் பையனிடம் கொடுங்கள். அவன் முதல் மாதச் சேமிப்பைப் பெரிய மோட்டாரில் போடாமல் பேரிங்கில் போடுவான்.